மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை: இணையவழிக் கணக்கு வகுப்பில் பிள்ளை சோர்ந்தால் எங்கே பார்ப்பது?

என் அப்பா கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் மோட்டாருக்குக் காயில் (உள்ளே இருக்கிற கம்பிச் சுருள்) கட்டுகிறவர். வண்டியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வருகிற விவசாயிகள் பெரும்பாலும் வாசலிலேயே "காயில் போய்விட்டதுங்க" என்று தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள். அப்பா கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "ஓடுகிறதா, ஓடவில்லையா?" ஓடுகிறது, தண்ணீர்தான் ஏறவில்லை என்றால் மோட்டாரைப் பிரிக்கவே மாட்டார். கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் இருக்கிற ஃபுட் வால்வில் குப்பை மாட்டியிருக்கிறதா பாருங்கள், குழாய் எங்காவது காற்று இழுக்கிறதா பாருங்கள் என்று திருப்பி அனுப்புவார். காயில் கட்டும் செலவு மிச்சமானவர்கள் அடுத்த முறை வரும்போது குலையோடு இளநீர் கொண்டுவருவார்கள்.

நான் மோட்டார் பக்கம் போகவில்லை. கணக்கு டீச்சர் ஆனேன். 2020-இல் பள்ளிகள் மூடியபோது போனில் தொடங்கிய மாலை வகுப்பு, பள்ளிகள் திறந்த பிறகும் நிற்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகள். சோமனூர், சென்னிமலை, காங்கேயம், கோபி, தாராபுரம் என்று ஆளுக்கொரு ஊர். அவர்களுடைய பெற்றோர் என்னிடம் அதிகம் சொல்கிற வாக்கியம், "ஆர்வமே இல்லைங்க டீச்சர்." எனக்கு அது "காயில் போய்விட்டதுங்க" என்றே காதில் விழும். பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, திரை எரிகிறது, மோட்டார் ஓடுகிறது. அப்படியானால் அடைப்பு எங்கே என்று கீழேயிருந்து பார்த்துக்கொண்டு வரவேண்டும். நான் பார்க்கிற வரிசையை இங்கே எழுதுகிறேன்.

எதற்கும் முன்னால்: ரஃப் நோட்டு

என்ன அறிகுறியாக இருந்தாலும், போன வாரத்து ரஃப் நோட்டின் இரண்டு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று விதமாக வரும். வெறும் பக்கம் வந்தால், பிள்ளை வகுப்பைத் தொலைக்காட்சித் தொடர்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடித்தலும் திருத்தலுமாக வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. எந்த வரியில் சறுக்கியது என்று கண்ணெதிரே தெரியும். அச்சடித்ததுபோல் அழகான பக்கம் வந்தால்தான் எனக்குத் திக்கென்று இருக்கும். அது திரையைப் பார்த்து எழுதியது. அந்தப் பிள்ளை எழுத்துப் பயிற்சி செய்திருக்கிறது, கணக்குச் செய்யவில்லை. "நோட்டெல்லாம் அருமையாக வைத்திருக்கிறாள்" என்று அம்மா சொல்கிற வீடுகளில் நான் இன்னும் கூர்ந்து பார்ப்பேன்.

நோட்டைப் பார்த்த பிறகு ஐந்தே ஐந்து கேள்விகள். மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

8 + 4 = □ + 5 என்பதில் கட்டத்துக்குள் என்ன எண்?
0.5, 0.35 இரண்டில் எது பெரியது?
1/3, 1/4 இரண்டில் எது பெரியது?
−3 + 5 எவ்வளவு?
7 × 8 எவ்வளவு?

முதல் கேள்விக்குப் பலர் 12 என்று எழுதுவார்கள். சரியான விடை 7. 12 எழுதிய பிள்ளைக்குச் சமக்குறி என்பது "இதோ விடை வருகிறது" என்று அடிக்கிற மணி; இரண்டு பக்கமும் ஒரே எடை என்று இன்னும் படியவில்லை. அதற்கு எட்டாம் வகுப்புச் சமன்பாட்டை எத்தனை வீடியோவில் காட்டினாலும் ஏறாது. 0.35-தான் பெரியது என்று சொல்கிற பிள்ளை, 35 ஐந்தைவிடப் பெரியது என்று பார்க்கிறது. கால்பங்கு மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று சொல்கிற பிள்ளையும் அதே கோளாறோடுதான் இருக்கிறது. கடைசிக் கேள்வியில் விடையைவிட எடுத்துக்கொள்கிற நேரத்தைக் கவனியுங்கள். பத்து விநாடி யோசித்தால் வாய்ப்பாடு இன்னும் நாக்கில் இல்லை. பிள்ளை ஒவ்வொரு கணக்கிலும் பாதி மூச்சை அதிலேயே செலவழிக்கிறது. வாய்ப்பாடு ஒப்பிப்பதெல்லாம் பழைய முறை என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

அறிகுறி: கேமரா அணைந்தே கிடக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை

முதலில் வீட்டைப் பாருங்கள், பிறகு பிள்ளையை.

சோமனூர்ப் பக்கத்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அடுத்த நொடி இணைப்பு அறுந்துபோகும். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப வருவாள். சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் கை தவறி ஒலிவாங்கியைத் திறந்துவிட்டாள். வகுப்பு முழுக்க விசைத்தறிச் சத்தம். நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடா இங்கும் அங்கும் அடிக்கிற அந்தச் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது. வீட்டின் முன்கட்டில் நான்கு தறி, பின்கட்டில் இவள். பையன்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். உடனே வெளியேறிவிட்டாள்.

மறுநாள் அவளை அழைத்து, "அம்மிணி, தறிப் பக்கத்தில் போய் நின்று 15 விநாடிக்கு நாடா எத்தனை தடவை போகிறது என்று எண்ணிச் சொல்" என்றேன். 31 என்று எழுதி அனுப்பினாள். நிமிடத்துக்கு? 124. மணிக்கு? 7,440. ஒரு அங்குலத்துக்கு இத்தனை ஊடை இழை என்றால் ஒரு மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளே அடுத்த கேள்வியைப் போட்டாள். அதை அவள் அப்பாவிடம் காட்டியபோது, நூல் அறுந்து தறி நிற்கிற நேரத்தைச் சேர்க்கவில்லையே என்று கேட்டாராம். அதையும் சேர்த்துத் திருத்தி அனுப்பினாள். அந்த வாரம் வகுப்புக்கே அவளுடைய கணக்குதான் பாடம். இன்றைக்கும் அவள் பேசுவதில்லை, எழுதித்தான் அனுப்புகிறாள். அதனால் என்ன?

செய்யவேண்டியது: கேமராவைத் திற என்று கட்டாயப்படுத்தவேண்டாம். ஒரே அறை, கட்டிலில் உடம்புக்கு முடியாத அப்பத்தா, காயப்போட்ட துணி, இதையெல்லாம் வகுப்புக்குக் காட்ட எந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் விரும்பாது. கேமராவை நோட்டின்மேல் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். எனக்கு முகம் தேவையில்லை, பேனா நகர்வது தெரிந்தால் போதும். கேள்வியையும் எண்ணில் விடை வருவதுபோல் கேளுங்கள். "புரிந்ததா?" என்ற கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு.

அறிகுறி: வீடியோ பார்க்கும்போது புரிகிறது, தனியாகச் செய்யச் சொன்னால் கை நிற்கிறது

என்னிடம் அதிகம் வருகிற கோளாறு இதுதான். பிள்ளை பொய் சொல்லவில்லை. பார்க்கும்போது உண்மையிலேயே புரிகிறது. அடுத்தவர் நீந்துவதைக் கிணற்று மேட்டில் நின்று பார்த்தால் நமக்குந்தான் புரிகிறது.

நல்ல வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. கல்வித் தொலைக்காட்சி 2019-லிருந்து இருக்கிறது, பள்ளிக் கல்வித்துறையின் மணற்கேணி செயலி இருக்கிறது, பாடநூலிலேயே கியூஆர் கோடு இருக்கிறது (பாடநூல் அதை "விரைவுத் துலங்கல் குறியீடு" என்று அழைக்கிறது, பிள்ளைகள் யாரும் அழைப்பதில்லை). பார்க்கிற முறையை மாற்றினால் போதும்.

3 × (□ − 2) = 15 என்ற கணக்கு திரையில் வருகிறது. முதல் வரி வந்ததும் நிறுத்தவேண்டும். போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு அடுத்த வரியைப் பிள்ளை எழுதவேண்டும். எழுதிய பிறகு போனை நிமிர்த்திப் பார்க்கலாம். திரையில் அடைப்பைப் பிரித்து 3□ − 6 = 15 என்று வந்திருக்கும்; பிள்ளை ஒருவேளை இரண்டு பக்கமும் மூன்றால் வகுத்து □ − 2 = 5 என்று எழுதியிருக்கும். இரண்டும் 7-க்குத்தான் போகின்றன. தன் வழி வேறாக இருந்தும் சரியாக வந்தது என்று பிள்ளை கண்டுகொள்கிற அந்த நிமிடத்தில் முகத்தைப் பாருங்கள். ஆர்வம் ஆர்வம் என்று எல்லோரும் தேடுவது அதைத்தான்.

அடுத்த கட்டம்: ஒரே மாதிரி நான்கு கணக்குகள் கொடுங்கள். முதலாவது முழுக்கச் செய்தது. இரண்டாவதில் கடைசி வரி இருக்காது. மூன்றாவதில் கடைசி இரண்டு வரிகள் இருக்காது. நான்காவதில் கேள்வி மட்டும். படிக்கட்டை ஒவ்வொன்றாக உருவுவதுபோல. வகுப்பில் நான் பேசுவது பத்து நிமிடத்துக்குமேல் போனால் இதற்கு நேரம் இருக்காது. அதனால் பேச்சைத்தான் குறைத்துக்கொண்டேன். வேகத்தை ஒன்றரை மடங்காக வைத்து வீடியோ பார்க்கிற பழக்கத்தை மட்டும் தயவுதாட்சண்யம் இல்லாமல் நிறுத்துங்கள்.

அறிகுறி: எண் இருக்கும்வரை உற்சாகம், எழுத்து வந்ததும் கொட்டாவி

இயற்கணிதம். இதில் குற்றவாளி பல சமயம் நாம்தான். எளிமையாக்குகிறோம் என்று சொல்லி, "தே என்றால் தேங்காய், மா என்றால் மாங்காய்" என்று ஆரம்பிக்கிறோம். நானும் பொள்ளாச்சித் தேங்காயை நம்பி அப்படித்தான் ஆரம்பித்தேன். 3தே + 2மா எவ்வளவு என்று கேட்டேன். ஒரு பையன் 5தேமா என்று எழுதினான். தமிழாசிரியர் பார்த்திருந்தால் நேர்நேர் தேமா என்று மகிழ்ந்திருப்பார். நான் மகிழவில்லை.

கோளாறு இது: எழுத்தைப் பொருளாகப் பார்க்கிறான், எண்ணாகப் பார்க்கவில்லை. மூன்று தேங்காயும் இரண்டு மாங்காயும் ஒரே பையில் போட்டால் ஐந்து காய்தானே என்பது அவன் நியாயம். சரிசெய்வது எளிது. தே என்பது தேங்காய் அல்ல, ஒரு தேங்காயின் விலை. தே 20 ரூபாய், மா 10 ரூபாய் என்றால் 3தே + 2மா எவ்வளவு? 80. சரி, 5தேமா என்றால் ஐந்து முறை இருபது முறை பத்து, ஆயிரம் ரூபாய். "மூன்று தேங்காய்க்கும் இரண்டு மாங்காய்க்கும் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வந்தால் உன் அம்மா வீட்டுக்குள் விடுவாரா?" அவன் இப்போதும் எழுத்தைக் கண்டால் ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறான். அதுவே நல்ல பழக்கம்.

அறிகுறி: பின்னம் என்றால் வயிற்றுவலி

1/2 + 1/3 = 2/5 என்று நோட்டில் இருந்தால், வேறெங்கும் தேடவேண்டாம். எட்டாம் வகுப்பில் விகிதமுறு எண்கள், வட்டி, சதவீதம் எல்லாம் இந்த ஒரு ஓட்டையில்தான் ஒழுகிப் போகின்றன. விதியைத் திரும்பச் சொன்னால் பயன் இல்லை. அதை ஏற்கெனவே மூன்று பேர் சொல்லியிருப்பார்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா, 2/5 அரையைவிடக் குறைவுதானே என்று மட்டும் கேளுங்கள். சற்று நேரம் அமைதியாக இருங்கள். இணையவழியில் அமைதி பயமாகத்தான் இருக்கும், ஆனாலும் இருங்கள்.

அதற்குப் பிறகு வேலை வீட்டில். எங்கள் பக்கத்து அப்புச்சிகளுக்கும் அமுச்சிகளுக்கும் (தாய்வழித் தாத்தா, பாட்டி) கால், அரை, முக்காலோடு அரைக்காலும் வீசமும் தெரியும். அரைக்கால் எட்டில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று. வகுப்புக்கு வரும் முன் வீட்டிலிருக்கிற பெரியவரிடம் "எத்தனை வீசம் சேர்ந்தால் கால்?" என்று கேட்டுவரச் சொன்னேன். கோபிப் பையனின் அப்புச்சி நான்கு என்று சொன்னதோடு விடவில்லை. "மாகாணி என்றாலும் வீசம் என்றாலும் ஒன்றுதான், அதற்குக் கீழே காணி, முந்திரி எல்லாம் இருக்கிறது" என்று அரை மணி நேரம் பேசினாராம். காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. ஒரு காணிக்கு எத்தனை முந்திரி என்பதை வகுப்பில் எல்லோரும் சண்டைபோட்டுக் கண்டுபிடித்தார்கள். நான்கு. அரையும் அரைக்காலும் சேர்ந்தால் எட்டில் ஐந்து என்பதற்கு அதன்பிறகு யாருக்கும் விதி தேவைப்படவில்லை. அரையை நான்கு அரைக்காலாக உடைத்துக்கொண்டார்கள். ஒரே பகுதியாக மாற்றுவது என்பது அதுதானே.

தசமத்துக்கு நிலம் இருக்கிறது. 100 சென்ட் ஒரு ஏக்கர். 0.5 ஏக்கர் 50 சென்ட், 0.35 ஏக்கர் 35 சென்ட். எது பெரியது என்று பங்கு பிரிக்கிற வீட்டில் பிறந்த பிள்ளையிடம் கேட்கவே வேண்டியதில்லை.

அறிகுறி: கழித்தல் குறியைக் கண்டதும் ஊகிக்கத் தொடங்குகிறான்

கிணற்றுக்கு வாருங்கள். நிலமட்டம் பூஜ்யம். தண்ணீர் −40 அடியில் நிற்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகு எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஊறும். 12 அடி ஏறினால் −28. ஐந்தடி இறைத்தால் −33. கூட்டலும் கழித்தலும் இவ்வளவுதான். கழித்தலைக் கழிப்பது எப்படிக் கூட்டலாகிறது என்பதற்குக் குழாயைக் காட்டுகிறேன்: மேல்நிலைத் தொட்டி +25 அடியில், தண்ணீர் −40 அடியில். குழாய் எத்தனை அடி வேண்டும்? 25 − (−40) = 65. குறியைக் கவனிக்காமல் 40-இல் 25 போக 15 அடிக் குழாய் வாங்கிவந்தால் என்ன ஆகும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டியதில்லை.

பெருக்கலுக்குக் கிணற்றை இழுக்காதீர்கள், கதை கிழிந்துவிடும். வரிசையாக எழுதிக்காட்டுங்கள்: 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. அடுத்த வரி என்ன என்று கேட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஏறுகிறது என்று யாராவது கண்டுபிடிப்பார்கள்; (−1) × (−2) = 2 தானாக விழும்.

அறிகுறி: வாக்கியக் கணக்கு என்றால் எண்களைப் பொறுக்கி ஏதோ செய்துவைக்கிறாள்

"ஒரு தோட்டத்தில் மஞ்சள் வெட்ட 6 பேருக்கு 10 நாள் ஆகும். 15 பேர் வந்தால் எத்தனை நாள்?" ஏழாம் வகுப்பு எதிர் விகிதம். அறச்சலூர்ப் பக்கம் மஞ்சள் போடுகிற வீட்டுப் பெண் 25 நாள் என்று அனுப்பினாள். பெருக்கல், வகுத்தல் இரண்டிலும் பிழையே இல்லை. "ஏன் கண்ணு, ஆள் கூடினால் நாள் கூடுமா?" என்று கேட்டேன். சிரிப்புப் படம் ஒன்று வந்தது, பிறகு 4.

அவளுக்குத் தெரியாதது எதிர் விகிதம் அல்ல. பள்ளிக்கணக்கில் வருகிற மஞ்சளும் தன் வீட்டு மஞ்சளும் ஒன்று என்பதுதான் தெரியவில்லை. அதனால் நான் இப்போது எண்களை எடுத்துவிட்டுத்தான் கணக்கைக் கொடுக்கிறேன்: "கொஞ்சம் பேர் மஞ்சள் வெட்டினால் சில நாள் ஆகும். ஆள் அதிகம் வந்தால்?" விடை கூடுமா குறையுமா என்று முதலில் சொல்லவேண்டும். எண் அதன் பிறகுதான். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு: கணக்கைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் கோளாறு கணக்கில் இல்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளை என்றால் அந்த மொழியிலேயே வீட்டாரிடம் சொல்லிவிட்டு வரட்டும்.

அறிகுறி: செயலியில் புள்ளிகள் குவிகின்றன, நோட்டு வெறுமை

நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுகிற விளையாட்டு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சராசரியாக நான்கில் ஒன்று சரியாகிவிடும். தப்பானால் மறுபடி தொடலாம். பிள்ளை கற்றுக்கொள்வது தொடுவதை.

பரிசு கொடுத்து இழுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 1973-இல் அமெரிக்காவில் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும், வண்ணப் பேனாவால் வரைய ஏற்கெனவே ஆசைப்படுகிற மழலைகளில் ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் சான்றிதழ் உண்டு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னால் பரிசில்லாத நாட்களில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே பேனாவைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு அந்தக் குறைவு வரவில்லை. ஆகவே செயலியை நிறுத்தவேண்டாம், புள்ளியைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். "சரியான விடையை விடு, இந்தத் தப்பான விடையை யார், எப்படி நினைத்திருந்தால் தொட்டிருப்பார்கள்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல நோட்டு வேண்டும்.

அறிகுறி: வகுப்பில் ஒருவனே எல்லாப் பதிலையும் சொல்கிறான்

அவன் பதில் திரையில் விழுந்த நொடியில் மற்ற எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். "எழுதுங்கள், அனுப்பாதீர்கள்" என்று சொல்லுங்கள். ஒன்றரை நிமிடம். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, எல்லோரும் ஒரே சமயத்தில் அனுப்பட்டும். பதினெட்டு விடைகள் மழைபோல் விழும், அதில் ஐந்து வகை இருக்கும், பேசுவதற்கு நிறைய இருக்கும். அந்த ஒருவன் முதல் வாரம் முகம் சுருக்குவான். அவனுக்கான மருந்து இன்னும் கீழே இருக்கிறது.

அறிகுறி: "எங்கள் வீட்டில் யாருக்குமே கணக்கு வராது"

இதைப் பிள்ளை சொல்லாது. பின்னாலிருந்து அம்மா சொல்வார். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற ஒரு அம்மா, மகனை எனக்குக் காட்டி, "என்னை மாதிரிதான் டீச்சர், எனக்கும் கணக்கு வரவே வராதுங்க" என்றார். நான்கு நிமிடம் கழித்து, வகுப்பு நடக்கும்போதே, யாரோ போனில் கூப்பிட்டுச் சீட்டுக் கணக்குக் கேட்டார்கள். சொந்தக்காரர்களுக்குள் போடுகிற சீட்டு, கமிஷன் கிடையாது. இருபது பேர், மாதம் ஐயாயிரம், இலட்ச ரூபாய்ச் சீட்டு. இந்த மாதம் ஒருவர் பதினெட்டாயிரம் தள்ளி (மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து) எடுத்திருக்கிறார். "தலைக்குத் தொள்ளாயிரம் போகிறது, நாலாயிரத்து நூறு கட்டினால் போதும்" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு வைத்தார்.

"டீச்சர், அம்மா இப்போது எப்படிச் சொன்னார்கள்?" என்று மகன்தான் கேட்டான். வகுப்பை நிறுத்திவிட்டு அந்த அம்மாவையே விளக்கச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டே, பதினெட்டாயிரத்தை இரண்டால் பிளந்து ஒரு பூஜ்யத்தை அடித்த கதையைச் சொன்னார். இருபதால் வகுப்பதற்கு அதைவிட நல்ல வழி என்னிடமும் இல்லை.

செய்யவேண்டியது: வாரத்துக்கு ஒருமுறை வீட்டில் நடந்த ஒரு கணக்கைப் பிள்ளை கேட்டு எழுதிவரட்டும். பால் சொசைட்டிப் பட்டியல், பீஸ் ரேட், உரக் கடை ரசீது, எதுவானாலும். "எனக்கு வராது" என்ற சொல்லைப் பிள்ளை காதில் விழும்படி சொல்லவேண்டாம் என்று பெற்றோரிடம் நேராகவே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்பேன்.

அறிகுறி: நல்ல மதிப்பெண் வாங்குகிறான், ஆனால் முகத்தில் உயிரில்லை

எல்லோரையும் முந்துகிற அந்த ஒருவன் பெரும்பாலும் இவன்தான். பாதிப் பாடம் அவனுக்கு முன்பே தெரியும். ஆறாம் வகுப்பிலேயே நுழைவுத்தேர்வுப் பயிற்சியில் சேர்த்துவிடுகிற வழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. நாமக்கல் கோழிப்பண்ணைக்கு மட்டும் பெயர் பெற்றதில்லை. அப்படிப்பட்டவனுக்கு அடுத்த வகுப்புப் பாடத்தைக் கொடுப்பது பசிக்காதவனுக்கு இன்னொரு தோசை வைப்பதுபோல.

விடை சீக்கிரம் வராத கேள்வியைக் கொடுங்கள். ராமானுஜன் 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார், வளர்ந்ததெல்லாம் கும்பகோணம். அந்தப் பிறப்பை வைத்துக்கொண்டு நாங்கள் கொண்டாடுகிற உரிமை கொஞ்சம் அதிகம்தான், இருக்கட்டும். 1729-ஐ இரண்டு விதமாக இரு கனங்களின் கூட்டலாக எழுதலாம் என்பதை எல்லாப் பள்ளி ஆண்டுவிழாவிலும் சொல்கிறார்கள்: 1-இன் கனமும் 12-இன் கனமும், 9-இன் கனமும் 10-இன் கனமும். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். நான் அதைச் சின்னதாக்கிக் கொடுத்தேன்: இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச்சிறிய எண் எது? பெருந்துறைப் பையன் ஒருவன் முதல்நாள் 65 என்றான்: 1 + 64, 16 + 49. இரண்டாம் நாள் இரவு பத்து மணிக்கு 50 என்று அனுப்பினான்: 1 + 49, 25 + 25. "ஒரே எண்ணை இரண்டு தடவை போடலாமா டீச்சர்?" என்று கூடவே ஒரு கேள்வி. போடலாமா கூடாதா என்று வகுப்பே விவாதித்தது. கணக்கில் விதியை யாரோ எங்கோ முடிவு செய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, நாமே வைத்துக்கொள்ளலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று விதமாக எழுதக்கூடியது எது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறான். நான் சொல்லப்போவதில்லை.

சின்னச் சின்ன அடைப்புகள்

நேரம்: ஐந்திலிருந்து ஏழுவரை டியூஷன், எட்டு மணிக்கு நம் வகுப்பு என்றால் எந்தப் பிள்ளையும் வாடித்தான் போகும். இருபத்தைந்து நிமிடத்தில் முடியுங்கள்.

போன்: வீட்டில் ஒரே போன், அதை அப்பா ஷிஃப்டுக்கு எடுத்துப்போய்விடுகிறார் என்றால் நேரலை வகுப்பை நம்பிப் பயனில்லை. ஒரு கேள்வி, ஒரு நிமிடக் குரல் பதிவு. அவர் திரும்பி வந்த பிறகு பார்த்துப் பதில் அனுப்பட்டும்.

வடிவியல்: நகராத படத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டவேண்டாம். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுக்கவிடுங்கள்; மூன்று கோணமும் மாறிக்கொண்டே இருக்க, கூட்டல் 180-இலேயே நிற்பதை அவர்களே பார்ப்பார்கள். திரை காகிதத்தைவிட மேலாக இருக்கிற இடங்களில் இது ஒன்று.

ஆறு வாரமாகியும் நகரவில்லை என்றால்

கண்ணைச் சோதித்தீர்களா? எழுத்து மங்கலாகத் தெரிவதைப் பல பிள்ளைகள் சொல்வதே இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்கின்றன. கணக்கு நாளில் மட்டும் தலைவலியும் வயிற்றுவலியும் வந்தால் வேலையைப் பாதியாகக் குறையுங்கள், கடிகாரத்தை எடுத்துவிடுங்கள். எட்டாம் வகுப்பிலும் சிறு எண்களை விரல் விட்டுத்தான் கூட்ட முடிகிறது, நேரம் பார்ப்பதும் சில்லறை எண்ணுவதும் தடுமாறுகிறது, வாசிப்பில் ஒரு குறையும் இல்லை என்றால், டிஸ்கால்குலியா எனப்படும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதை நானோ நீங்களோ முடிவுசெய்யக் கூடாது. குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, அதற்கென்று பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரிடம் போகவேண்டும். நம் வகுப்பு அதற்கு மருந்தாகாது.

மற்றபடி, சரியாகிறதா என்று பார்க்க மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கவேண்டாம். நோட்டைப் பாருங்கள். அழகு குறைந்து அடித்தல் கூடியிருக்கிறதா? கேட்காமலே ஒரு கேள்வி வந்ததா? போன செவ்வாய்க்கிழமை திரையில் ஒரு சமன்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சோமனூர்ப் பெண்ணிடமிருந்து ஒரு வரி வந்து விழுந்தது: "டீச்சர், மூன்றாவது வரி தப்பு." பார்த்தேன். அடைப்பைப் பிரிக்கும்போது கழித்தல் குறியை விட்டிருந்தேன்.